கொல்லை போனால் என்ன, சுவர் இருக்கிறதே!

குடவாசல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் வயல் வந்துவிடும். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, தள்ளிப் போனால் சம்பா, அதுவும் அறுத்த பிறகு உளுந்து, பயறு. சோற்றுக்குப் பஞ்சமில்லாத பூமி!

சரி, சோறு இருக்கிறது. குழம்பில் போடக் காய் எங்கே?

அது லாரியில் வர வேண்டும் சார்! ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிய மூட்டை கும்பகோணம் தாராசுரம் மார்க்கெட்டில் இறங்கி, அங்கே கைமாறி, வேன் பிடித்து நம்ம ஊர்க் கடைக்கு வந்து சேருகிறது. வழியில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டீசல், அழுகல், வாடல். அத்தனையும் கடைசியில் பையை நீட்டுகிறவர் தலையில்தான் விடிகிறது. காய்கறிக் கடைக்காரரைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. அவரும் காசு கொடுத்து வாங்கித்தானே விற்கிறார்?

சுற்றி இத்தனை வயல் கிடக்கிறதே, அதில் காய் போட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர் கேட்கமாட்டார். களிமண் பூமி. தண்ணீர் நிற்கும். நெல் தாங்கும், கத்தரி தாங்குமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெண்டைச் செடி வேர் அழுகிப் போகும். ஆற்றுப் படுகையிலும் மேட்டுத் திடலிலும் இடம் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் போடுகிறார்கள். ஊர் முழுக்க அது காணாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது யாருக்கும் மறந்திருக்காது. அரசாங்கம் கிலோ 60 ரூபாய்க்கு ரேஷன் கடையில் விற்க ஆரம்பித்தது. முதலில் எங்கே? சென்னையில், 82 கடைகளில்! குடவாசல்காரர் புளியை இன்னும் ஒரு பிடி கரைத்துச் சமாளித்தார்.

தக்காளி இல்லாமல் நாலு நாள் ஓட்டலாம். ஆனால் கீரை இல்லாமல், காய் இல்லாமல் வருஷம் முழுக்க ஓட்டினால்? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு சேதி சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! கீரை ஒன்றே இதற்கு மருந்தாகிவிடாது, டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். இருந்தாலும், தட்டில் வெறும் சோறும் ரசமுமாக இருக்கிற வீட்டில் மாத்திரை மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கொல்லை எங்கே போச்சு?

பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதையும் தாண்டிப் போனால் கொல்லை. கொல்லையில் கிணறு, முருங்கை, கறிவேப்பிலை, ஒரு அவரைப் பந்தல். கூரை வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சுவரோரம் ஊன்றிய சுரையும் பூசணியும் கூரை மேல் ஏறிக் காய்த்துக் கிடக்கும். ஏணி போட்டுப் பறிப்பார்கள். இடம் தனியாக எதற்கு? வீட்டுக் கூரைதான் தோட்டம்.

அப்புறம் என்ன ஆச்சு? அண்ணன் தம்பி பாகம் பிரிந்தது. ஒரு வீடு மூன்று போர்ஷன் ஆயிற்று. கொல்லையில் கக்கூஸ் வந்தது, செப்டிக் டேங்க் வந்தது, தண்ணீர் மோட்டார் வந்தது, மீதி இடத்தில் மோட்டார் பைக் நிற்கிறது. கூரை போய் தளம் வந்தது. வாஸ்தவம்தான், கூரை வீடு எரியும், ஒழுகும், புயலில் பறக்கும். தளம் போட்டது நல்லதுதான். ஆனால் கூரையோடு சேர்ந்து கொடியும் இறங்கிவிட்டது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இன்றைக்குக் கடைத்தெருவை ஒட்டிக் குடியிருக்கிற குமாஸ்தா வீட்டில் மண் என்று சொல்ல ஒரு முழம் கிடையாது. நடைக்கு மூன்றடி சந்து. ஜன்னல் ஓரம். மாடிப்படிக் கைப்பிடி. அவ்வளவுதான் சொத்து. "செடி வைக்க இடம் ஏதுங்க?" என்கிறார்.

இடம் இருக்கிறது. படுத்துக்கிடக்கிற இடம் இல்லை, நிற்கிற இடம்! பத்தடி நீளம், பத்தடி உயரம் உள்ள சுவர் நூறு சதுர அடி. அதைப் பெயிண்ட் அடித்துச் சும்மா வைத்திருக்கிறோம்.

நமக்குத் தெரியாத வித்தையா?

செடியை உயரவாக்கில் வளர்ப்பதற்கு இப்போது 'செங்குத்துத் தோட்டம்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் என்ற பேராசிரியர் 1938-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் 2006-ல் திறந்த கே பிரான்லி மியூசியத்தின் வெளிச்சுவர் முழுக்கச் செடி. பாத்ரிக் பிளாங்க் என்ற தாவர நிபுணர் போட்ட வேலை அது. படத்தில் பார்த்தால் பிரமாதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம்ம பக்கத்தில் இந்த வித்தை என்ன புதுசா? கும்பகோணத்திலிருந்து மேற்கே ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை பக்கம் போய் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே தெரியாது. பாத்தி எடுத்து முதலில் அகத்தி விதைப்பார்கள். அகத்தி கொஞ்சம் வளர்ந்ததும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியை ஊன்றுவார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போவார்கள். அகத்தி வெற்றிலைக்கு நிழலும் கொடுக்கும், தூணாகவும் நிற்கும், அதன் தழையைக் கழித்தால் ஆட்டுக்குத் தீனி, வீட்டுக்குக் கீரை. கொடி கைக்கு எட்டாத உயரம் போனால் இறக்கி, சுருட்டி, அடியில் மண் அணைத்து மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஒரு குழி நிலத்தில் இரண்டு மூன்று அடுக்கு விளைச்சல்! அந்த வெற்றிலைக்குத்தான் 2025-ல் கும்பகோணம் வெற்றிலை என்று புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம தாத்தாமார் காப்புரிமை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பட்டணத்துக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிற பிளாஸ்டிக் பலகை, பம்பு, சொட்டுக் குழாய் எல்லாம் நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அதில் சுவரில் மாட்டுகிற சின்னச் சின்னச் சட்டி. ஒரு கை மண்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. கரண்டு போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் செடி காயும். பெருநகரங்களில் மேம்பாலத் தூண்களில் இந்த மாதிரிச் சட்டிகளை வரிசையாக மாட்டினார்கள். பராமரிப்பு விட்டுப்போன இடங்களில் காய்ந்த குச்சிதான் மிச்சம். அழகுக்கு வைப்பது வேறு, அடுப்புக்கு வைப்பது வேறு.

சாக்கில் ஒரு தோட்டம்

ஏழை ஜனங்கள் அடுப்புக்காகவே செய்துகாட்டிய ஒரு வழி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் தலைநகரம் நைரோபி. அங்கே கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஆள் போக மட்டும் சந்து. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு அங்கே பெரிய கலவரம் மூண்டு, சாப்பாட்டுக்கே திண்டாட்டம் ஆனது. 2008-ல் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் அங்கே சாக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தது. வீட்டு வாசலில் இடுப்புயரச் சாக்கு, அதைச் சுற்றிலும் கீரை. அவர்கள் ஜாஸ்தியாக வளர்க்கிற கீரைக்கு 'சுகுமா விக்கி' என்று பேர். அந்த ஊர்ப் பாஷையில் 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம்! சம்பளம் வருகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற கீரை. மாதக் கடைசி நமக்கும் தெரிந்ததுதானே?

நெல் சீமையில் சாக்குக்கா பஞ்சம்? செய்முறையும் சுலபம். சாக்கை நாலு செங்கல் மேல் நிறுத்துங்கள். நட்டநடுவில், இரண்டு பக்கமும் திறந்த ஒரு டப்பாவை வைத்து அதற்குள் உடைந்த செங்கல் சல்லியை நிரப்புங்கள். டப்பாவைச் சுற்றி மண் கலவையைக் கொட்டுங்கள். மண் டப்பா உயரம் வந்ததும் டப்பாவை மேலே இழுங்கள், சல்லி அங்கேயே நின்றுவிடும். மறுபடி டப்பாவுக்குள் சல்லி, சுற்றி மண். இப்படியே வாய் வரைக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் நடுவில் உள்ள சல்லி வழியாக அடி வரைக்கும் போய்ப் பக்கவாட்டில் கசியும். சாக்கின் பக்கத்தில் சாண் இடைவெளியில் சின்ன ஓட்டை போட்டு நாற்றைச் செருகினால் தீர்ந்தது. ஒரு சாக்கு நிற்கிற இடம் இரண்டடிக்கு இரண்டடி. செடி வளர்கிற இடம் அதன் சுற்றளவு முழுக்க, மேலே வாயில் ஒரு கத்தரி, ஒரு மிளகாய். சணல் சாக்கு ஒரு பருவத்தில் இற்றுப் போகும். பிளாஸ்டிக் சாக்கு கொஞ்சம் கூட நாள் வரும், வெயிலில் நைந்து பொடியாக உதிர ஆரம்பித்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

ஒரு விஷயம் முக்கியம். வயல் மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் நாலு நாளில் செங்கல் மாதிரி இறுகிவிடும். நம்ம களிமண்ணுக்குப் பாதிக்குப் பாதி லேசான சரக்கு கலக்க வேண்டும். அரிசி மில்லில் கிடைக்கிற கருக்கின உமி, மக்கிய சாணி எரு, தென்னை நார்க்கழிவு எதுவானாலும் சரி. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

கொடிதான் ராஜா

சாக்கும் இல்லாமல், சட்டியும் நிறைய இல்லாமல் சுவரை நிரப்ப வேண்டுமா? கொடிதான் வழி. ஒரே ஒரு பெரிய தொட்டி, அதிலிருந்து மாடிக் கைப்பிடி வரை நாலு கயிறு. கொடிப்பசலை ஒரு துண்டு ஊன்றினால் போதும், கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கோவைக்காய்க்கும் விதை வேண்டாம், தண்டு போதும். முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை இவையெல்லாம் வேலியில் தானாகக் கிடந்த சாதி, ராஜ உபசாரம் கேட்காது. அவரை மட்டும் காலம் பார்க்கும். நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். அதனால்தான் ஆடியில் போட்டு மார்கழி, தையில் பறிக்கிறோம். மாசியில் ஊன்றிவிட்டு 'இலைதான் வருது, காய் வரல' என்று விதைக்காரரைத் திட்டக்கூடாது!

பீர்க்கு, புடல், சுரை போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன சூட்சுமம். இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மாடிச் சந்துக்குள் வண்டு அவ்வளவாக வராது. பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் அதுதான் காரணம் பெரும்பாலும். ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டு வைக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் அந்தி நேரத்தில்தான் பூக்கும். ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு வீடு வருகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன?

கிழக்குப் பார்த்த சுவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேற்குச் சுவர் கோடையில் அடுப்பு மாதிரி காயும், அங்கே கோவையும் பிரண்டையும்தான் நிற்கும். வெயிலே எட்டாத சந்தில் காய் எதிர்பார்க்க வேண்டாம். புதினாவும் ஒரு வெற்றிலைக் கொடியும் வைத்துத் திருப்திப்படுங்கள்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கன அடி ஈர மண் 45, 50 கிலோ இருக்கும். அதைக் கைப்பிடிச் சுவர் விளிம்பில் வரிசையாக அடுக்கினால், காற்று அடிக்கிற அன்றைக்கு அது கீழே போகிறவர் தலையில் விழும். 2018 நவம்பர் 16 கஜாப் புயலைப் பார்த்த ஜில்லாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கனமானது எல்லாம் தரையில், கயிறும் கொடியும் மட்டும் மேலே. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீருக்குத் தனிச் செலவு வேண்டாம், அரிசி களைந்த தண்ணீரும் காய் அலம்பிய தண்ணீரும் தினம் சாக்கடைக்குத்தானே போகிறது?

இதையெல்லாம் செய்தால் மளிகைக் கடைக்குப் போகிற மாதிரி காய்கறிக் கடைக்கே போக வேண்டாமா என்று கேட்டால், போகத்தான் வேண்டும். வெங்காயமும் உருளையும் சுவரில் காய்க்காது. ஒரு சுவர் ஒரு குடும்பத்தின் முழுத் தேவையையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அவர் சாமான் விற்க வந்தவர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை, கை நிறையக் கறிவேப்பிலை, பருவத்தில் அவரை, பீர்க்கு. இது கைக்கு எட்டுகிற கணக்கு.

வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும்

எல்லாம் சரி, வாடகைக்கு இருக்கிறவர் என்ன செய்வார்? ஒரு தையல் கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, நம்ம வீட்டுக்காரம்மா காலண்டர் மாட்டவே ஆணி அடிக்க விடமாட்டாங்க. நீங்க கொடி ஏத்தச் சொல்றீங்களே!"

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஈரம் ஊறினால் சுவர் பூச்சு உதிரும். கொடி சுவரையே பிடித்து ஏறினால் வெடிப்பில் வேர் விடும். அதற்கும் வழி உண்டு. சுவரில் ஆணி வேண்டாம். இரண்டு மூங்கிலைத் தரையில் தொட்டியோடு சேர்த்து ஊன்றி, சுவருக்கும் கொடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுக் குறுக்கே கயிறு கட்டினால் போதும். காலி செய்கிற அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்தால் சுவரில் ஒரு கீறல் இருக்காது. மேற்குச் சுவரில் கொடி படர்ந்தால் உள்ளே சூடு குறையும், அது வீட்டுக்காரருக்கும் லாபம்தானே? வீட்டுக்காரம்மாவுக்கு வாரம் ஒரு கட்டு பசலை கொடுத்துப் பாருங்கள், பேச்சே மாறும்.

சர்க்கார் என்ன செய்யலாம்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு மானியத்தில் பை, விதை எல்லாம் கொடுத்தார்கள். 2021-ல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தது. 900 ரூபாய் பெறுமான மாடித் தோட்டத் தளை 225 ரூபாய்க்கு. அதில் ஆறு பை, ஆறு தென்னை நார்க் கட்டி, ஆறு வகை விதை, வேப்ப எண்ணெய் மருந்து. கிராமத்துக்காரர்களுக்குப் பன்னிரண்டு வகை விதைப் பொட்டலம் 15 ரூபாய்க்கு. நல்ல காரியம்தான்.

ஆனால் பாருங்கள், தளையில் ஒரு முழம் கயிறு கிடையாது, ஒரு மூங்கில் கிடையாது! மாடி சொந்தமாக உள்ளவரை மனதில் வைத்துக் கட்டிய பொட்டலம் அது. பந்தல் போட மானியம் உண்டா என்றால் உண்டு, எக்டேர் கணக்கில், விவசாயிக்கு. கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நடுவில் மூன்றடிச் சந்து வைத்திருக்கிறவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்பதுதான் என் வழக்கு. பேரூராட்சியில் இருக்கிறவர் மாடியும் இல்லாமல், கொல்லையும் இல்லாமல் நடுவில் நிற்கிறார். ஆறு பைக்குப் பதில் இரண்டு பெரிய பை, கொஞ்சம் கயிறு, நாலு மூங்கில், கொடிப்பசலைத் தண்டு ஒரு கைப்பிடி, கோவைத் தண்டு ஒரு கைப்பிடி என்று ஒரு 'சுவர்ப் பொட்டலம்' கட்டித் தோட்டக்கலைத் துறை கொடுத்துப் பார்க்கட்டும்.

பேரூராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். 2016-ல் வந்த விதிகளிலிருந்தே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடு என்று வீட்டுக்கு வீடு சொல்லி வருகிறார்கள். பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்கு அந்தக் குப்பையில் ஆன எருவில் மாதம் ஒரு மூட்டை திருப்பிக் கொடுத்தால் என்ன? நாளைக்கே இன்னும் நாலு வீடு பிரித்துக் கொடுக்கும். அமுதக் குடத்தை வைத்துத் தலபுராணம் சொல்கிற ஊர் இது. குடத்தில் போட நாலு கூடை எருவாவது ஊரிலிருந்தே கிடைக்கட்டும்.

ஒன்று மட்டும் அதிகாரிகள் கவனத்துக்கு. எது கொடுத்தாலும் ஆனி மாதக் கடைசிக்குள் கொடுங்கள். ஆடிப் பட்டம் தவறினால் அவரை இல்லை. புரட்டாசியில் மேடை போட்டு விதைப் பொட்டலம் கொடுத்தால், வாங்கிக்கொண்டு போகிறவர் அதை அலமாரியில்தான் வைக்க முடியும். அடுத்த ஆடிக்குள் அந்த விதையின் முளைக்கிற சக்தி குறைந்துவிடும்.